வீட்டு மின்தடைக்குப் பவர் ஸ்டேஷன்: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் என்பது ஒரு பெரிய லித்தியம் பேட்டரி, அதன் நேர்திசை மின்சாரத்தை வீட்டுக் கருவிகள் ஏற்கும் மாறுதிசை மின்சாரமாக்கும் இன்வெர்ட்டர், சார்ஜர், பாதுகாப்புச் சுற்று ஆகிய நான்கையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிக் கைப்பிடி வைத்த கருவியாகும். இதில் புகை இல்லை. எரிபொருள் சேமித்து வைக்கும் தொல்லையும் இல்லை. ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே உலை வைக்கும். பவர் ஸ்டேஷனையோ படுக்கையறையில்கூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜெனரேட்டருக்கு எரிபொருளை ஊற்றிக்கொண்டே இருக்கலாம், இதில் நிரப்பி வைத்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் கடைக்குப் போவதற்கு முன்பு, மின்சாரம் நின்றுபோன நேரத்தில் வீட்டில் எவையெல்லாம் ஓடியே ஆக வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வாங்கப்படும் பெட்டி ஒன்று தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும், அல்லது தேவைப்பட்ட இரவில் பாதியிலேயே அணைந்துவிடும்.

பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று வாட், மற்றொன்று வாட்-மணி. ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதை வாட் சொல்கிறது. மொத்தம் எவ்வளவு மின்சாரம் உள்ளே இருக்கிறது என்பதை வாட்-மணி சொல்கிறது. மின்கட்டண ரசீதில் யூனிட் என்று வருவது 1000 வாட்-மணிதான். ஆகவே 1000 வாட்-மணிப் பெட்டி என்றால் முழுதாக நிரப்பிய நிலையில் ஒரு யூனிட் மின்சாரம், அவ்வளவே. விளம்பரங்களில் எந்த எண் பெரிதாக இருக்கிறதோ அதுவே பெரிய எழுத்தில் வரும் என்பதால், '2000' என்று கண்ணில் பட்டால் அது வாட்டா, வாட்-மணியா என்று முதலில் பார்க்க வேண்டும். மில்லி ஆம்பியர்-மணியில் கொள்ளளவைச் சொல்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. 50,000 என்பது பிரமாண்டமான எண்ணாகத் தெரியும். ஆனால் அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு என்றால் பெருக்கி வருவது 185 வாட்-மணி மட்டுமே.

தாளில் எழுதும் கணக்கு

ஒவ்வொரு கருவியின் வாட்டையும் அது ஓட வேண்டிய மணி நேரத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆறு மணி நேர மின்தடையை எடுத்துக்கொள்வோம். 70 வாட் மின்விசிறி இரண்டு, 9 வாட் எல்இடி விளக்கு மூன்று, 10 வாட் ரவுட்டர் ஒன்று: மொத்தம் 177 வாட், ஆறு மணிக்கு 1062 வாட்-மணி. மடிக்கணினிக்கும் இரண்டு கைபேசிகளுக்கும் சேர்த்து 130 என்று வைத்தால் 1192. இத்தோடு கணக்கு முடிவதில்லை. நேர்திசை மின்சாரத்தை மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும் என்பதால், பெட்டியில் எழுதியிருக்கும் கொள்ளளவில் ஏறத்தாழ 85 விழுக்காடுதான் பிளக்கில் கிடைக்கும் என்று கொள்வது பாதுகாப்பானது. 1192-ஐ 0.85-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1400. அதாவது 1000 வாட்-மணிப் பெட்டி இந்த வீட்டுக்குப் போதாது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் அடுத்த அளவுப் பெட்டிக்குத் தாவிவிடுவார்கள். அதற்கு முன் தாளை இன்னொரு முறை பார்ப்பது நல்லது. அந்த இரண்டு மின்விசிறிகளையும் 30 வாட் பிஎல்டிசி வகைக்கு (குறைந்த மின்சாரத்தில் ஓடும், பிரஷ் இல்லாத மோட்டார் கொண்டவை) மாற்றினால் 177 வாட் 97 ஆகக் குறையும். ஆறு மணிக்கு 582, மற்றவற்றோடு 712, இழப்பையும் சேர்த்தால் சுமார் 840. இப்போது 1000 வாட்-மணிப் பெட்டியே போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். கூடுதல் பேட்டரிக்குத் தரும் பணத்தைவிட இரண்டு மின்விசிறிகளின் விலை பெரும்பாலும் குறைவு; அதோடு, மின்தடை இல்லாத நாள்களிலும் அந்தச் சேமிப்பு தொடரும்.

ஃபிரிட்ஜைப் பற்றித் தேவைக்கு மேல் பயப்பட வேண்டாம். அதன் கம்ப்ரசர் ஓடும்போது 100 முதல் 150 வாட் வரை எடுத்தாலும் அது விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு யூனிட் எடுக்கும் ஃபிரிட்ஜுக்கு எட்டு மணி நேரத்துக்குச் சுமார் 330 வாட்-மணி போதும். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் வரையிலும், நிறைந்திருக்கும் ஃப்ரீசர் இரண்டு நாள் வரையிலும் குளிர்ச்சியைத் தாங்கும். ஆகவே மின்தடை நீண்டால் அதற்கு இடையிடையே மின்சாரம் கொடுத்தே சமாளிக்கலாம்.

வெப்பம் உண்டாக்கும் கருவிகளின் கதை வேறு. கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் ஆகியவை 1000 முதல் 2000 வாட் வரை இழுப்பவை. இவற்றைப் பட்டியலில் சேர்க்காதிருப்பதே என் பரிந்துரை. மைக்ரோவேவ் அடுப்பில் 800 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குள் போகும் ஆற்றல் மட்டுமே. பிளக்கிலிருந்து அது 1200 வாட்டுக்கு மேல் எடுக்கும்.

தொடக்க இழுப்பு

ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் போன்ற கருவிகள் புறப்படும் அந்த ஒரு நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல மூன்று முதல் ஏழு மடங்கு வரை மின்சாரத்தை இழுக்கக்கூடும். 130 வாட் ஃபிரிட்ஜ் தொடக்கத்தில் 800 வாட்டைத் தொட்டுவிட்டு இறங்கலாம். அரைக் குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஓடும்போது 500, 600 வாட்தான் எடுக்கும். தொடக்கத்திலோ 2000 வாட்டைத் தாண்டக்கூடும். இதனால்தான் தயாரிப்பாளர்கள் தொடர் திறன், உச்சத் திறன் என இரண்டு எண்களைக் கொடுக்கிறார்கள். உங்கள் கருவிகள் அனைத்தும் ஒன்றாக ஓடும்போதுள்ள சுமை தொடர் திறனுக்குள் அடங்க வேண்டும். அந்தச் சுமையின் மேல் பெரிய மோட்டார் ஒன்று புறப்பட்டாலும் உச்சத் திறனைத் தாண்டக் கூடாது. இன்வெர்ட்டர் வகை ஃபிரிட்ஜ்கள் மெதுவாக வேகமெடுப்பதால் அவற்றில் இந்தச் சிக்கல் பெரிதாக எழாது.

மூன்றாவதாக ஓர் எண்ணும் சில பெட்டிகளில் இருக்கும். 1000 வாட் பெட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் 1500 வாட் கருவியையும் ஓட்டும் என்பார்கள். உண்மையில் நடப்பது வேறு: பெட்டி தன் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும், கருவியும் அதற்கேற்பக் குறைவாக எடுத்துக்கொள்ளும். கெட்டில் போன்ற வெறும் ஹீட்டர் கருவிக்கு இதனால் கேடில்லை, தண்ணீர் கொதிக்கக் கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான். மோட்டாருக்கும் மின்னணுக் கருவிக்கும் இது உதவாது. வாங்கும்போது இந்த எண்ணை இல்லாததாகவே பாவிக்க வேண்டும்.

வெளிவரும் மின்சாரம் தூய சைன் அலையாக, அதாவது சுவர் சாக்கெட்டில் வருவதைப் போலச் சீராக ஏறி இறங்கும் அலையாக, இருக்க வேண்டும். மலிவான கருவிகள் தரும் படிக்கட்டு வடிவ அலையில் மின்விசிறி ரீங்காரமிடும், மோட்டார் சூடாகும். அதேபோல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் வீட்டுக்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துவிடக் கூடாது. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும்.

பெட்டி தானே எடுத்துக்கொள்ளும் மின்சாரம்

வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காததும், எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். மாறுதிசைப் பொத்தானைப் போட்டுவிட்டால், எதையும் செருகாவிட்டாலும் இன்வெர்ட்டர் தான் விழித்திருப்பதற்காகவே 10 முதல் 20 வாட் வரை எடுத்துக்கொள்ளும். இரவு எட்டு மணி நேரம் 10 வாட் ரவுட்டரை மட்டும் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், ரவுட்டருக்குப் போவது 80 வாட்-மணி. இன்வெர்ட்டர் 15 வாட் எடுப்பதாக இருந்தால் அதன் பங்கு 120. சுமைகூலி சுமையைவிட அதிகமாகிவிடுகிறது. பெரிய பெட்டிகளில் இந்த வீண்செலவும் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். ரவுட்டர் 12 வோல்ட்டில் ஓடக்கூடியது என்றால் பெட்டியின் 12 வோல்ட் முனையிலிருந்தே அதற்குக் கொடுக்கலாம். கைபேசியையும் மடிக்கணினியையும் யூஎஸ்பி முனையில் போடலாம். இன்வெர்ட்டரை அணைத்து வைத்தால் அதே பேட்டரி பல மணி நேரம் கூடுதலாக வரும். ஆகவே பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் யூஎஸ்பி-சி முனை 100 வாட் கொடுக்குமா, 12 வோல்ட் முனைகள் எத்தனை என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. மின்சாரத்தைச் சேமிப்பதற்காகச் சில பெட்டிகள், சுமை மிகக் குறைவாக இருந்தால் சில மணி நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும். ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் நேரத்தைச் 'சுமை இல்லை' என்று பெட்டி தவறாக எண்ணிவிட்டால், காலையில் ஃப்ரீசரின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். இந்தத் தானியங்கி அணைப்பை நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பேட்டரியின் வகை

சோனி நிறுவனம் 1991-இல் லித்தியம் அயன் பேட்டரியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஜான் குட்இனஃபின் ஆய்வகத்தில்தான் 1990-களில் இரும்பு பாஸ்பேட் வகையும் உருவானது. இன்று பவர் ஸ்டேஷன்களில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு: லித்தியம் இரும்பு பாஸ்பேட், நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட். இரண்டாவது எடை குறைந்தது; ஆனால் 500 முதல் 1000 சுழற்சிகளில் (முழுதாக நிரப்பித் தீர்ப்பது ஒரு சுழற்சி) தேய்ந்துவிடும். முதலாவது கனமானது, 3000 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவு நிற்கும் என்று தயாரிப்பாளர்கள் உறுதியளிப்பது வழக்கம். தினமும் ஒரு சுழற்சி என்றாலும் அது எட்டு ஆண்டுக்கு மேல். எப்போதாவது மின்சாரம் போகும் வீட்டில் அத்தனை சுழற்சிகள் வரப்போவதே இல்லை என்பதால், அந்த எண்ணுக்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இரும்பு பாஸ்பேட் செல் கட்டுமீறிச் சூடாவதற்கு இன்னும் உயர்ந்த வெப்பநிலை வேண்டும், அப்படி ஆனாலும் வெளியிடும் வெப்பம் குறைவு. வீட்டுக்குள் நிரந்தரமாக இருக்கப்போகும் பொருளுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். 1000 வாட்-மணிக்கு 10 முதல் 14 கிலோ வரை எடை இருக்கும். 3000 வாட்-மணியைத் தாண்டும் பெட்டிகளுக்குச் சக்கரம் வைத்திருப்பதைப் பார்த்தால் 'போர்ட்டபிள்' என்ற சொல்லுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று புரியும்.

மீண்டும் நிரப்புவது

காலையில் நான்கு மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம் என மின்தடை வந்தால், நடுவில் கிடைக்கும் நேரத்துக்குள் பெட்டி நிரம்ப வேண்டும். 1000 வாட்-மணிப் பெட்டி 200 வாட்டில் சார்ஜ் ஆகும் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். 1000 வாட்டில் ஆகும் என்றால் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். வேகமாக நிரப்பும்போது உள்விசிறி சத்தமிடும், பேட்டரியும் சூடாகும் என்பதால், வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழி இருப்பது நல்லது.

சோலார் பேனலை இணைக்க நினைப்பவர்கள் பேனலின் வாட்டைவிடத் திறந்தசுற்று வோல்டேஜை, அதாவது எதையும் இணைக்காத நிலையில் பேனல் தரும் வோல்டேஜை, முதலில் பார்க்க வேண்டும். 60 வோல்ட் வரை மட்டுமே ஏற்கும் பெட்டியில், 40 வோல்ட் பேனல்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் 80 வோல்ட் பாய்ந்து உள்சுற்று எரிந்துபோகலாம். குளிர் அதிகரித்தால் பேனலின் வோல்டேஜ் மேலும் ஏறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 200 வாட் பேனல் நல்ல வெயிலிலும் 140 முதல் 160 வாட்தான் தரும்.

மாறும் நேரமும் வீட்டு வயரிங்கும்

சுவரிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து கருவிக்குமாக எப்போதும் இணைத்தே வைத்திருந்தால், மின்சாரம் நின்றவுடன், தானாக மாறும் வசதியுள்ள பெட்டி பெரும்பாலும் 10 முதல் 30 மில்லி நொடிக்குள் பொறுப்பேற்றுக்கொள்ளும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் இந்த இடைவெளி பொருட்டே அல்ல. மேசைக் கணினிக்கு 20 மில்லி நொடிக்குக் குறைவாக இருப்பது நல்லது. உயிர்காக்கும் மருத்துவக் கருவி என்றால் இந்தப் பெட்டியை மட்டும் நம்பக் கூடாது. ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேல் எடுப்பதால், எட்டு மணி நேரத்துக்கே 2400 வாட்-மணியைத் தாண்டிவிடும். அதற்கான மாற்று ஏற்பாட்டை மருத்துவரிடமும் கருவியின் தயாரிப்பாளரிடமும் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

இருமுனையிலும் பிளக் உள்ள கம்பியால் பெட்டியைச் சுவர் சாக்கெட்டில் செருகி, வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்க ஒருபோதும் முயலக் கூடாது. மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் ஊழியரைக் கொல்லலாம். திடீரென்று மின்சாரம் திரும்பினால் பெட்டியும் வெடிக்கலாம். வீட்டு வயரிங்கோடு இணைத்தே ஆக வேண்டும் என்றால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுச் சுவிட்சு (தெரு மின்சாரம், பெட்டி இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைப்பது) பொருத்துவது ஒன்றே வழி.

வாங்கிய பிறகு

யூஎல் 2743 (இத்தகைய பெட்டிகளுக்கான அமெரிக்கத் தரம்) போன்ற பாதுகாப்புத் தரச்சான்று இருக்கிறதா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதுபார்க்கும் நிலையம் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பவற்றை ரசீது போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பயன்படுத்தாமல் வைக்கும்போது பாதியளவு சார்ஜோடு வெயில் படாத இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் வோல்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், திரையில் காட்டும் விழுக்காடு நாளடைவில் பிசகும். எப்போதாவது முழுதாக நிரப்பினால் அது சரியாகும்.

பெட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள், ஓர் இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தாளில் எழுதிய கருவிகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அது எத்தனை மணிக்கு அணைந்தது என்பதை அதே தாளின் அடியில் குறித்து வையுங்கள்.