கிண்ணத்துக்கிட்டயே போகாத பூனை, கடைசியில காரணம் பிளக்ல

எங்க பூனை பசிக்குதுன்னு காலைச் சுத்திச் சுத்திக் கத்தும், கிண்ணத்துல சாப்பாடு வெச்சா ஒரு முழம் தள்ளியே நின்னுட்டு திரும்பிப் போயிடும், ஆனா கையில குடுத்தா லபக்குனு முழுங்கும். சாப்பாட்டை மாத்தினேன், கிண்ணத்தை மாத்தினேன், டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு, பல்லு ஈறு எல்லாம் நல்லாருக்குன்னுட்டார். அப்புறம் இந்த உள்ளுணர்வால விலங்குங்களோட பேசுறது இருக்கே, கண்ணை மூடி கேள்வியை மனசுக்குள்ள படமா அனுப்பிட்டு பதிலுக்கு காத்திருக்கணுமாம், அதையும் பண்ணிப் பாத்தேன். பதில்னு தோணுனதெல்லாம் என் சொந்தக் கவலைதான். ஆனா அசையாம பக்கத்துல உக்காரச் சொல்றாங்க பாருங்க, அது உருப்படியான விஷயம். கண்ணை மட்டும் திறந்து வெச்சுக்கிட்டேன்.

அப்பதான் தெரிஞ்சுது, கிண்ணத்தை நெருங்கும்போது வலது காது முன்னாடி பாக்குது, இடது காது மட்டும் மடங்கி சுவத்துப் பக்கம் திரும்புது, முதுகுத் தோல் லேசா சிலிர்க்குது. அந்தப் பக்கம் இருந்தது எப்பவும் சொருகியே கிடக்குற ஒரு பழைய சார்ஜர். நமக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு அத்தனை அதிர்வு) மேல கேக்காது, பூனைக்கு 60,000 வரைக்கும் கேக்கும், சார்ஜருக்குள்ள இருக்குற கம்பிச் சுருள் இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயாவது கீச்சுனு கத்திக்கிட்டே இருக்கலாம். கழட்டினேன், அன்னைக்கு ராத்திரியே கிண்ணம் காலி, அப்பாடான்னு இருந்துச்சு. மறுநாள் உறுதிக்காக திரும்ப சொருகினா காது அதே மாதிரி திரும்புது. ரவுட்டர் அடாப்டர், எல்இடி லைட்டோட டிரைவர் (அதுக்கு ஏத்த மாதிரி கரண்டை மாத்திக் குடுக்குற பாகம்) இதெல்லாம்கூட இப்படி கத்தலாம், கிண்ணத்துக்குப் பக்கத்துல இருந்தா அணைச்சுப் பாருங்க.