முதல் வசந்தத்தில் பள்ளத்தாக்கில் இறங்குங்கள்: ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஏப்ரலில் ரொறன்ரோவின் கிழக்கிலுள்ள ஸ்காபரோவைப் பார்த்தால் யாருக்கும் மனம் கொஞ்சம் சோர்ந்துதான் போகும். பனி உருகியதும் அது மூடி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிடும். காப்பிக் கோப்பைகள், பிளாஸ்டிக் பைகள், விளம்பரத் தாள்கள், வீதியில் தூவிய உப்பின் வெள்ளைப் படலம். மரங்களில் இன்னும் இலை இருக்காது. கடந்த இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ வந்து இறங்கியவர்களுக்கு இதுவரை தெரிந்த கனடா பஸ் தரிப்பிடம், வேலைத்தலம், தமிழ்க் கடை, நிலக்கீழ் அறை ஆகிய நான்கும்தான்.

இந்த மாதத்தில்தான் சுற்றுச்சூழல் குழுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. ஓடைக்கரைத் துப்புரவு, மரநடுகை, அந்நியக் களை பிடுங்குதல், விதைப் பரிமாற்றம் என்று ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் வரை ஏதாவது ஒன்று ஏறக்குறைய ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்கும். ஊரில் சிரமதானம் செய்து பழகியவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. உங்களிடம் யாரும் கனடிய அனுபவம் கேட்க மாட்டார்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. ஊதியமில்லாத தொண்டு வேலை என்பதால் பொதுவாக வேலை அனுமதிப் பத்திரமும் தேவையில்லை. வந்த முதல் வசந்தத்திலேயே இதில் சேர்ந்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

பள்ளத்தாக்குகள் ஏன் வெறுமையாகக் கிடக்கின்றன

ரொறன்ரோவின் வரைபடத்தைப் பாருங்கள். நகரத்தின் நடுவே கிளைகிளையாகப் பச்சைப் பள்ளத்தாக்குகள் ஓடும். நகரப் பரப்பில் சுமார் 17 சதவீதம் அவைதான். இவ்வளவு விலை உயர்ந்த நிலத்தில் ஏன் யாரும் வீடு கட்டவில்லை என்று புதிதாக வரும் எல்லோரும் கேட்பார்கள். 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி வந்தபோது ஆறுகள் ஓரிரவில் பெருகி 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் வீதியிலிருந்த வீடுகளை மனிதர்களோடு சேர்த்து வெள்ளம் கொண்டுபோனது. அதன் பிறகு வெள்ளச் சமவெளியில் வீடு கட்டுவதைத் தடுத்தார்கள். நிலங்களை வாங்கிப் பூங்காக்களாக்கினார்கள். இன்றும் இந்த வேலையைப் பார்க்கும் ரொறன்ரோ வட்டார இயற்கைப் பாதுகாப்பு ஆணையம் 1957-ல் அமைக்கப்பட்டது. ஹைலண்ட் க்ரீக் ஓடும் மோர்னிங்சைட் பூங்காவும் ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கும் இன்று பச்சையாக இருப்பதற்கு அந்த வெள்ளமும் ஒரு காரணம்.

இது பழைய கதையாகவே இருந்துவிடவில்லை. 2013 ஜூலை 8 மாலையில் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. 2024 ஜூலை 16-ல் மறுபடியும் அங்கே நூறு மில்லிமீற்றரை நெருங்கிய மழை கொட்டியது. நெடுஞ்சாலைகளில் கார்கள் மிதந்தன, நிலக்கீழ் அறைகளில் தண்ணீர் ஏறியது. காலநிலை மாற்றம் என்றால் வடதுருவப் பனிக்கரடி என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இங்கே புதிதாக வருபவர்களில் பலர் வாடகைக்கு இருப்பது நிலக்கீழ் அறைகளில். பெருமழையில் முதலில் நனைவது அவர்களுடைய மெத்தையும் பாஸ்போர்ட் வைத்த பெட்டியும்தான். மரமும் புல்வெளியும் மழைநீரை உறிஞ்சித் தாமதப்படுத்தும். தாரும் கொங்கிரீற்றும் உடனே ஓடைக்குள் தள்ளிவிடும். ஆகவே பள்ளத்தாக்கில் நடும் ஒவ்வொரு கன்றும் உங்கள் வாசற்படிக்கு வரும் தண்ணீரோடு தொடர்புடையது.

துப்புரவு: இதிலிருந்து தொடங்குங்கள்

ஏப்ரல் 22 பூமி நாள். அதையொட்டி நகரசபை ஊர் முழுவதும் துப்புரவு இயக்கம் நடத்துகிறது. ஏற்கெனவே இருக்கும் குழுவில் சேரலாம். நான்கு குடும்பங்கள் சேர்ந்து பக்கத்துப் பூங்காவைத் தாங்களே பதிவு செய்யவும் செய்யலாம். பதிவு செய்தால் நீங்கள் கட்டி வைக்கும் பைகளை நகரசபை வந்து எடுத்துச் செல்லும். தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஊசி, உடைந்த கண்ணாடி, அடையாளம் தெரியாத இரசாயனப் புட்டி எதையும் தொடாமல் நகரசபையின் சேவை எண்ணான 311-க்கு அழையுங்கள். அந்த எண்ணில் தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கலாம்.

வீதியோர வடிகாலில் விழும் குப்பை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்காபரோவில் மழைநீர்க் குழாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. மழைநீர்க் குழாய்க்குள் விழுவது பெரும்பாலும் அப்படியே ஓடைக்கும் அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் போகிறது. நம் குழாயில் வரும் குடிநீரும் அந்த ஏரியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கிழக்கு ஸ்காபரோவின் ஏரிக்கரையிலேயே ஹோர்கன் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூசை முடிந்த மாலைகள், பட்டுத் துணி, படங்கள், கும்பத்தில் வைத்தவை ஆகியவற்றை ஆற்றிலோ ஏரியிலோ விடாதீர்கள். ஊரில் விட்ட பழக்கம், பக்தியோடு செய்வது, எனக்குப் புரிகிறது. இங்கே அவை கரையில் ஒதுங்கி, நூலும் ஜரிகையும் பறவைகளின் காலில் சிக்கிக்கொள்கின்றன. துப்புரவுக்கு வந்த மற்றவர்கள் அவற்றைப் பொறுக்கும்போது பக்கத்தில் நிற்கும் நமக்கு மனம் வலிக்கும். பூக்களை நூலிலிருந்து உருவி, உக்கும் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் போடுங்கள். மற்றவற்றை என்ன செய்வது என்று கோயில் ஐயரிடம் கேளுங்கள்.

மரம் நடும் காலை

மரநடுகை பெரும்பாலும் ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் நடக்கும். இயற்கைப் பாதுகாப்பு ஆணையம், பார்க்ஸ் கனடா, ரூஜ் நீரேந்துப் பகுதியின் நண்பர்கள் குழு போன்றவர்கள் நடத்துவார்கள். ரூஜ் 2015-ல் தேசிய நகர்ப்புறப் பூங்காவானது. பரப்பு 79 சதுர கிலோமீற்றர். நுழைவுக் கட்டணம் கிடையாது. லாரன்ஸ் சாலையின் கிழக்குக் கோடியில் ஆறு ஏரியில் கலக்கும் கடற்கரைக்கு ரூஜ் ஹில் கோ (GO) ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

நிகழ்ச்சி தொடங்கும்போது ஒருவர் முன்னால் வந்து இந்த நிலம் அனிஷினாபே, ஹோடினோஷோனி, வென்டாட் ஆகிய பூர்வகுடி மக்களின் நிலம் என்று சொல்வார். அமைதியாக நின்று கேளுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் ரூஜ் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே செனெக்கா மக்களின் கிராமம் ஒன்று இருந்தது. நிலத்தை இழப்பது என்றால் என்ன என்று தெரிந்த மக்கள் நாம். அந்தச் சில வார்த்தைகளைச் சடங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

பிறகு மண்வெட்டியும் கன்றுகளும் தருவார்கள். வெள்ளைப் பைன், மேப்பிள், ஓக், செந்தண்டு டொக்வுட் என்று இடத்துக்கேற்ப இருக்கும். குழி சட்டியின் ஆழத்துக்கு இருந்தால் போதும், ஆனால் சட்டியை விட அகலமாக இருக்க வேண்டும். சட்டிக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள். பிரிக்காவிட்டால் வேர் அதே வட்டத்தில் வளர்ந்து சில ஆண்டுகளில் மரத்தையே நெரித்துவிடும். தண்டும் வேரும் சேரும் இடம் மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். மேலே போடும் மரச்சில்லுகள் தண்டில் முட்டக் கூடாது. சில இடங்களில் களை முளைக்காமலிருக்கக் கன்றைச் சுற்றித் தென்னந்தும்புப் பாயை விரிப்பார்கள். அதைக் கையில் எடுத்ததும் ஊர் நினைவு வராமல் இருக்காது.

மழை பெய்தால் நடுகை நிற்காது, இடி இடித்தால்தான் நிறுத்துவார்கள். முழங்கால் வரை சேறாகும். பழைய காற்சட்டையும் நீர்புகாத சப்பாத்தும் வேண்டும். புதிதாக வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள், பழைய பொருட்கடைகளில் மலிவாகக் கிடைக்கும்.

வீட்டு முன்றிலில் இடமிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. வீதியோரம் நகரசபைக்குச் சொந்தமான பகுதியில் இலவசமாக மரம் நட்டுத் தரச் சொல்லி 311-ல் விண்ணப்பிக்கலாம். பின்வளவில் நட லீஃப் (LEAF) என்ற அமைப்பு சலுகை விலையில் உதவும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், இலவசம் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். 2007-ல் ரொறன்ரோவில் கண்டறியப்பட்ட மரகதச் சாம்பல்மரத் துளைப்பான் வண்டு இங்கிருந்த சாம்பல் (ash) மரங்களில் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டது. பல வீதிகளில் அந்த இடைவெளி இன்னும் நிரப்பப்படவில்லை.

களை பிடுங்கப் பழகுங்கள்

எல்லா வேலைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வயதானவர்களும் செய்யலாம், பலன் கண்ணுக்கு முன்னே தெரியும். மே மாதத்தில் பள்ளத்தாக்கின் தரையில் பூண்டுக் கடுகு என்ற செடி அடர்ந்து நிற்கும். ஐரோப்பியக் குடியேறிகள் கறிக்காகக் கொண்டுவந்த கீரை அது. முதல் ஆண்டில் தரையோடு ஒட்டிய வட்ட இலைகள். இரண்டாம் ஆண்டில் முழங்காலுக்கு மேல் உயர்ந்து நான்கிதழ் வெள்ளைப் பூக்கள். இலையைக் கசக்கினால் உள்ளிப் பூண்டு மணக்கும். தண்டின் அடியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் மேற்பக்கம் வளைந்த வெள்ளை வேர் முழுதாக வரும். அவசரப்பட்டால் தண்டு மட்டும் கையோடு வந்துவிடும், வேர் மறுபடி தளிர்க்கும். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது பிடுங்குவது சுகம். பிடுங்கியதை அங்கேயே போடக் கூடாது, பிடுங்கிய பிறகும் பூவிலிருந்து விதை முற்றிவிடும். பையில் கட்டிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

பக்கத்தில் என்ன வளர்கிறது என்று பார்த்துக் கால் வையுங்கள். ஒன்ராறியோவின் மலரான ட்ரில்லியம் மூன்று வெள்ளை இதழ்களோடு அப்போதுதான் பூக்கும். விதையிலிருந்து முதல் பூ வர ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இன்னொரு பகைச் செடி நாய்நெரிக்கும் கொடி. மொனார்க் வண்ணத்துப்பூச்சி பால்செடி என்று நினைத்து இதில் முட்டையிட்டால் புழுக்கள் பிழைக்காது. பால்செடி நம் எருக்கின் குடும்பம். முறித்தால் அதே வெள்ளைப் பால். மொனார்க்கும் எருக்கில் வளரும் நம் வெந்தய வரியனின் உறவுதான். ஆகவே முற்றத்தில் தானாக முளைத்த பால்செடியைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். டொன் ஆற்றுப் பக்கமிருந்து ரூஜ் வரை, மின்கம்பங்களின் கீழ் 16 கிலோமீற்றர் நீளத்துக்கு மெடோவே என்ற புல்வெளியை உருவாக்கி வருகிறார்கள். ஸ்காபரோவின் நடுவே போகிறது. ஜூலையில் நடந்து பாருங்கள், பால்செடியும் மொனார்க்கும் சேர்ந்தே இருக்கும்.

உண்ணி, கீரை, இரண்டு எச்சரிக்கைகள்

ரூஜ் பகுதியில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இருக்கிறது. வெப்பம் 4 பாகைக்கு மேல் போனாலே அது நடமாடத் தொடங்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், வெளிர் நிற உடை அணியுங்கள், வீட்டுக்கு வந்ததும் குளித்து முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். தடுப்பு மருந்து தேவைப்பட்டால் உண்ணியை அகற்றிய 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். 2023 முதல் ஒன்ராறியோவில் மருந்தாளரே அதை எழுதித் தரலாம்.

பூங்காவில் கீரை, காளான், பூ எதையும் பறிக்காதீர்கள். சட்டப்படி தடை, அபராதம் உண்டு. கையைக் கட்டிக்கொண்டு நடப்பது கீரை ஆய்ந்து பழகிய அம்மாமாருக்குக் கஷ்டம்தான். மிளகாய், கத்தரி நாற்றுகளை நீங்களே வையுங்கள், ஆனால் மே மாதப் பிற்பகுதியில் வரும் விடுமுறையான விக்டோரியா நாள் வரை வெளியே நடாதீர்கள். உறைபனி ஒரே இரவில் கருக்கிவிடும். நகரசபை நடத்தும் சுற்றுச்சூழல் நாட்களில் இலவசமாக இலையுரம் தருவார்கள், மண்வெட்டியும் வாளியும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பழைய பெயின்ட், பற்றரி போன்றவற்றையும் அங்கேயே ஒப்படைக்கலாம்.

வாயைத் திறந்து கேளுங்கள்

கன்று நடுவதோடு நின்றுவிட்டால் வேலை பாதிதான். 2040-க்குள் கரிம வெளியேற்றத்தை நிகரப் பூச்சியமாக்குவதாக, அதாவது வெளியிடும் அளவும் அகற்றும் அளவும் சமனாக இருக்கச் செய்வதாக, ரொறன்ரோ நகரசபை முடிவெடுத்திருக்கிறது. நகரத்தின் வெளியேற்றத்தில் பாதிக்கு மேல் கட்டடங்களிலிருந்து வருகிறது; முக்கியமாக எரிவாயுவில் வீட்டைச் சூடாக்குவதால். எந்த வீட்டுக்கு உதவி, எந்த வீதிக்கு மழைநீர்க் குழாய், எந்த பஸ்ஸுக்குக் கூடுதல் சேவை என்பதெல்லாம் நகரசபைக் குழுக்களில் தீர்மானிக்கப்படுகிறது. அங்கே பேசக் குடியுரிமை தேவையில்லை. வாக்களிக்கத்தான் அது வேண்டும். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் சாதாரணமாக ஐந்து நிமிடம் தருவார்கள். நிலக்கீழ் அறையில் தண்ணீர் ஏறிய ஒருவர் தன் கதையைச் சொன்னால், புள்ளிவிவரத்தோடு வரும் பத்துப் பேரை விட அது உறுப்பினர்களுக்கு உறைக்கும். நம் சமூகத்திலிருந்து அந்த மேசைக்கு முன்னால் போய் அமர்பவர்கள் இன்னும் மிகக் குறைவு. இதுதான் என் பெரிய ஆதங்கம்.

உயர்பாடசாலைப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். ஒன்ராறியோவில் டிப்ளோமா பெற 40 மணி நேரத் தொண்டு வேலை கட்டாயம். எட்டாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்தே கணக்கில் சேரும். துப்புரவும் நடுகையும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும். இருந்தாலும் முதலில் பாடசாலையில் கேட்டு உறுதி செய்யுங்கள். படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய், மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதே பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது பெரும் பாடு.