அமெரிக்க இலக்கிய வரலாற்றை ஒரே தாளில் வரைவது எப்படி?

காலனியக் காலம், புரட்சிக் காலம், ரொமாண்டிசிசம், யதார்த்தவாதம், இயற்கைவாதம், நவீனத்துவம், பின்நவீனத்துவம். அமெரிக்க இலக்கியம் படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் கையில் கிடைப்பது இந்தப் பட்டியல்தான். மனப்பாடம் செய்வது எளிது. அடுத்த வாரமே யார் எந்தக் காலம் என்பது குழம்பிவிடும். பெயர்களோடு சேர்த்து ஒரு படைப்பாவது படித்திருந்தால் அந்தக் குழப்பம் வராது. அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு பெரிய தாள், ஒரு பென்சில், நீலத்திலும் சிவப்பிலும் ஒவ்வொரு பேனா ஆகியவை போதும். இங்கே குறிப்பிடும் பழைய நூல்கள் காப்புரிமை நீங்கியவை. குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன.

முதல் படி: கோடும் ஐந்து ஆண்டுகளும்

தாளின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அதில் 1620, 1776, 1865, 1914, 1945 என்று ஐந்து புள்ளிகள் வையுங்கள். மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் பிளிமத்தில் குடியேறியது 1620இல். சுதந்திரப் பிரகடனம் 1776இல். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது 1865இல். மற்ற இரண்டும் உலகப் போர்களின் ஆண்டுகள்.

1620க்கு இடப்பக்கம் கட்டாயம் இடம் விடுங்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளான இரோக்வா மக்களின் படைப்புக் கதைகளும் நவஹோ மக்களின் சடங்குப் பாடல்களும் வாய்மொழியாக வாழ்ந்த இலக்கியங்கள். கப்பல் வந்த நாளில் அமெரிக்க இலக்கியம் பிறந்ததாக எழுதும் பாடநூல்களை நான் ஏற்பதில்லை.

இரண்டாம் படி: நீலப் பேனாவால் ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு சிறு படைப்பு

தடித்த நாவல்களில் தொடங்காதீர்கள். ஒரே அமர்வில் படித்து முடிக்கக் கூடியதாக எடுங்கள்.

1620க்கும் 1776க்கும் நடுவே ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் ஒரு கவிதை போதும். 1666இல் மாசசூசெட்ஸில் அவர் வீடு எரிந்துபோனபோது எழுதியது. சாம்பலைக் கடந்து செல்லும்போதெல்லாம், தாம் உட்கார்ந்த இடம், பெட்டி இருந்த இடம், இனி விருந்தினர் வராத மேசை என்று ஒவ்வொன்றாக நினைத்து மனம் கலங்குகிறார். உடனே தம்மையே கண்டித்துக்கொள்கிறார்: எல்லாம் இறைவனுடையது, அவர் எடுத்துக்கொண்டார். கண்டிப்பான கிறித்தவ நெறியைப் பின்பற்றிய பியூரிட்டன்களின் மனம் என்றால் என்ன என்று பத்துப் பக்கம் விளக்குவதைவிட இந்தக் கவிதை தெளிவாகக் காட்டிவிடுகிறது.

1776 புள்ளியின் மேல் தாமஸ் பெய்ன் அந்த ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட 'காமன் சென்ஸ்' என்ற துண்டுநூலை எழுதிவிட்டு நகருங்கள். அது அரசியல் எழுத்தின் காலம். கதைக்கும் கவிதைக்கும் இன்னும் சற்றுப் பொறுக்க வேண்டும்.

1820 முதல் 1865 வரையுள்ள பகுதியில்தான் நிதானிக்க வேண்டும். எமர்சன், தோரோ, ஹாதார்ன், மெல்வில், விட்மன், போ, டிக்கின்சன், டக்ளஸ் என எல்லோரும் இங்கேதான் நெருக்கியடித்து நிற்கிறார்கள். 'அமெரிக்க மறுமலர்ச்சி' என்ற பெயர் இந்தக் காலத்துக்கு நிலைத்தது 1941இல் எஃப். ஓ. மத்தீசன் எழுதிய நூலால். அவர் அதில் மையப்படுத்தியது முதல் ஐவரை மட்டுமே. ஒரு விமர்சகர் பின்னாளில் வகுத்த எல்லைதான் அது என்பதை நினைவில் வையுங்கள். அந்த எல்லைக்கு வெளியே என்ன இருந்தது என்று தெரிய, 1845ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். மே மாதம் பாஸ்டனில் ஃபிரெடரிக் டக்ளஸ் தம் அடிமை வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பெயரும் ஊரும் அச்சில் வந்துவிட்டதால் பழைய உரிமையாளர் பிடித்துக்கொண்டு போகக்கூடும் என்ற அபாயம். ஆகஸ்டில் பிரிட்டனுக்குக் கப்பலேறினார். அதே மாசசூசெட்ஸில், அதே ஆண்டு ஜூலை 4 அன்று, தோரோ வால்டன் குளக்கரையில் தாம் கட்டிய குடிலில் குடியேறினார். அடுத்த ஆண்டு, அடிமைமுறையை ஆதரிக்கும் அரசுக்குத் தலைவரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தார். காந்தி பின்னாளில் படித்துப் போற்றிய கட்டுரை இதிலிருந்து பிறந்தது. டக்ளஸ், தோரோ இருவரையும் வெவ்வேறு பாடங்களில் படித்தால் இந்த நெருக்கம் கண்ணில் படாது. உங்கள் தாளில் இரு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

மெல்வில்லுக்கு 'மோபி டிக்' வேண்டாம். 1853இல் வந்த 'பார்ட்டில்பி' கதையை எடுங்கள். வால் ஸ்ட்ரீட் அலுவலகத்தில் நகலெழுதும் குமாஸ்தா ஒருவன், சொன்ன வேலையை ஒவ்வொன்றாகப் பணிவோடு மறுத்துக்கொண்டே போகிறான். விட்மனுக்கு 1855இல் அவரே செலவு செய்து அச்சிட்ட 'புல்லின் இதழ்கள்' தொகுப்பிலிருந்து சில பக்கங்கள் போதும். நம் பாரதியார் தம் கட்டுரையில் பாராட்டி எழுதிய அதே விட்மன்தான் இவர்.

1865க்குப் பிறகு மொழி மாறுகிறது. மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்', இலக்கணம் தெரியாத ஒரு சிறுவனின் பேச்சிலேயே முழுவதும் நகர்கிறது. 31ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். தப்பி வந்த அடிமை ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி அவனுடைய உரிமையாளருக்குக் கடிதம் எழுதுகிறான் கதை சொல்லும் சிறுவன் ஹக். எழுதியதும் பாவம் கழிந்ததாக உணர்கிறான். பிறகு ஜிம்மின் அன்பை நினைக்கிறான், நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று கடிதத்தைக் கிழிக்கிறான். சமூகம் கற்றுத்தந்த அறமும் சிறுவனின் மனமும் மோதுவதை எந்த உபதேசமும் இல்லாமல் காட்டுவதுதான் யதார்த்தவாதத்தின் வலிமை. மனிதனைச் சூழலும் இயற்கையும் ஆட்டிப்படைப்பதாகக் காட்டும் இயற்கைவாதத்துக்கு ஜாக் லண்டனின் 'டு பில்ட் எ ஃபயர்' ஒரே கதையில் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

1914க்கும் 1945க்கும் நடுவே டி. எஸ். எலியட், ஹெமிங்வே, ஃபாக்னர் என்ற பெயர்கள் தாமாகவே வந்துவிடும். அவர்களுக்கு இணையாக, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின எழுத்தாளர்கள் உருவாக்கிய ஹார்லெம் மறுமலர்ச்சியை எழுதுங்கள். லாங்ஸ்டன் ஹியூஸின் ஆறுகள் பற்றிய கவிதை 1921இல் வந்தது. எலியட்டின் 'பாழ்நிலம்' 1922இல். முதலாவது ஒரே பக்கம். அதிலிருந்தே நவீனத்துவத்துக்குள் நுழையலாம்.

மூன்றாம் படி: சிவப்புப் பேனாவால் வாசகரை அடைந்த ஆண்டு

இந்த முறையில் எனக்கு மிக முக்கியமானது இந்தப் படிதான். எழுதிய ஆண்டும் வாசிக்கப்பட்ட ஆண்டும் ஒன்றல்ல. 'மோபி டிக்' 1851இல் வந்து எடுபடவில்லை. மெல்வில் நியூயார்க் துறைமுகத்தில் பல ஆண்டுகள் சுங்க ஆய்வாளராக வேலை பார்த்து 1891இல் மறைந்தார். நாவலின் புகழ் 1920களில்தான் எழுந்தது. 1851இலிருந்து 1920களுக்கு ஒரு சிவப்பு அம்பு போடுங்கள். ஸோரா நீல் ஹர்ஸ்டனின் முக்கிய நாவல் 1937இல் வந்தது. 1960இல் அவர் இறந்தபோது கல்லறைக்குப் பெயர்க்கல்கூட இல்லை. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் தேடிப் போய்க் கல் நாட்டினார். அந்தப் பத்தாண்டில்தான் நாவல் பரவலான வாசகரை அடைந்தது. இதற்கும் ஓர் அம்பு.

நான்காம் படி: ஓர் அம்பை உற்றுப் பாருங்கள்

எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். உயிரோடிருந்தபோது அச்சில் வந்தவை பத்து அளவில்தான். 1886இல் அவர் இறந்தபின் தங்கை கையெழுத்துப் படிகளைக் கண்டெடுக்க, 1890இல் முதல் தொகுப்பு வந்தது. மரணம் வண்டியோட்டியாக வந்து தம்மை ஏற்றிக்கொண்டு போவதாக அவர் எழுதிய புகழ்பெற்ற கவிதையை அந்தத் தொகுப்பில் பாருங்கள். அவர் வைக்காத 'ரதம்' என்ற தலைப்பைப் பதிப்பாசிரியர்கள் வைத்தார்கள். அவருக்கே உரிய இடைக்கோடுகளை நீக்கி வழக்கமான நிறுத்தக்குறிகளைப் போட்டார்கள். நான்காம் பத்தியையே விட்டுவிட்டார்கள். பள்ளி, தானிய வயல், சாயும் சூரியன் என்று வண்டி கடந்துகொண்டே வர, அந்த நான்காம் பத்தியில்தான் பேசுபவர் தம்மைத் திருத்திக்கொள்கிறார்: இல்லை, சூரியன்தான் எங்களைக் கடந்தது. பனி குளிர்கிறது, உடுத்தியிருப்பதோ மெல்லிய துணி. இனிய உலா என்று நினைத்தது இறுதி ஊர்வலம் என்று வாசகருக்கு உறைக்கும் இடம் அது. 1955இல் தாமஸ் ஜான்சன் கையெழுத்துப் படிகளை ஒட்டிப் பதிப்பித்த பிறகே பொது வாசகர் இவற்றை முறையாகப் பார்க்க முடிந்தது. இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

ஐந்தாம் படி: 1945க்குப் பின்

இங்கே இசங்களின் பெயரை எழுதாமல் ஊர்களையும் மக்களையும் எழுதுங்கள். ரால்ஃப் எலிசனின் 'இன்விசிபிள் மேன்' நாவல் 1952. ஆலன் கின்ஸ்பர்க்கின் 'ஹவுல்' கவிதை நூல் 1956. மறு ஆண்டே சான் பிரான்சிஸ்கோவில் ஆபாச வழக்கைச் சந்தித்து வென்றது. கியோவா என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த ஸ்காட் மோமடே 1969இல் புலிட்சர் பரிசு பெற்றார். தாளின் இடது ஓரத்தில் நீங்கள் விட்ட இடத்திலிருந்து அவருக்கு ஒரு கோடு இழுக்கலாம். டோனி மாரிசனின் 'பிலவட்' 1987இல் வந்தது. அதன் விதை, 1856இல் தப்பியோடிப் பிடிபட்ட மார்கரெட் கார்னர், தன் மகள் மீண்டும் அடிமையாகாதிருக்க அவளைக் கொன்ற உண்மைச் சம்பவம். இதற்கு மட்டும் சிவப்பு அம்பு வலமிருந்து இடமாகப் போக வேண்டும். கடினமான நாவல்தான், டக்ளஸைப் படித்து முடித்த கையோடு எடுத்தால் பிடிபடும்.