நோய் வந்து தோட்ட வேலையை விடப்போகிறீர்களா? கையெழுத்து வைக்க முன் இதைப் பாருங்கள்

கேன்சர், சிறுநீரகப் பழுது, பக்கவாதம், இருதய அடைப்பு என்று ஏதாவது ஒன்று வந்து, இனி மலை ஏற முடியாது என்று ஆனதும் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) முதலில் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "பேரை வெட்டிட்டு காசை எடுத்துக்கிட்டு வீட்ல இரு." சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பேரை வெட்டுவது, அதாவது செக்ரோல் என்ற தோட்டத் தொழிலாளர் பதிவேட்டிலிருந்து பேரை எடுத்து வேலையை விடுவது, கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம். அதை முதலில் செய்துவிட்டு அப்புறம் தொழில் காரியாலயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைகிறவர்களைத்தான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். எந்தக் காகிதம் முதலில், எது பிறகு என்ற வரிசை சரியாக இருந்தால் பாதிச் சிக்கல் வரவே வராது.

ஏன் அவசரப்படக் கூடாது? செக்ரோலில் பேர் இருக்கும்வரைதான் சில உதவிகள் உங்களுக்கு உண்டு. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் பத்து வருடமாவது பணம் கட்டப்பட்டு, மீதி குறைந்தது 3 இலட்சம் ரூபா இருந்தால், வேலையை விடாமலே அதில் 30 வீதம் வரை குறிப்பிட்ட பாரிய நோய்களின் சிகிச்சைக்காக எடுக்கலாம் (உச்சம் 20 இலட்சம்). 2012இல் வந்த சட்டத் திருத்தம் இது, தோட்டத்தில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) சபையிலும் இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை, நிரந்தர இயலாமை ஆகியவற்றுக்கு உதவித் திட்டங்கள் இருக்கின்றன. அவை வேலையில் இருந்து பணம் கட்டப்படுகிற உறுப்பினர்களுக்கானவை. பேரை வெட்டிய பிறகு போய் நின்றால் "நீங்க இப்ப உறுப்பினர் இல்லையே" என்பார்கள். எனவே சிகிச்சைக்குக் காசு தேவைப்பட்டால் முதலில் அந்த வழியைக் கேளுங்கள். ஒருவேளை தோட்டத்தில் லேசான வேலை தரச் சம்மதித்தால், அல்லது சம்பளமில்லா லீவு கிடைத்தால், வேலையை விட வேண்டிய தேவையே வராமலும் போகலாம்.

அடுத்து வயதைப் பாருங்கள். தனியார் துறையில் ஓய்வு வயது 60 என்று 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஈபிஎஃப் பணத்தைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டு எடுத்துக்கொள்ளலாம், அந்த ஏற்பாடு மாறவில்லை. அதாவது உங்கள் அம்மாவுக்கு 52 வயது என்றால் நோயை நிரூபித்து, வைத்தியர் சான்றிதழ் வாங்கி, அலைந்து திரிய வேண்டியதில்லை. வேலையை விட்டதற்கான கடிதம், அடையாள அட்டை போன்ற வழக்கமான காகிதங்களோடு வயதுக் காரணத்தில் விண்ணப்பிக்கலாம். நோயாளி என்றதுமே நோய்க் காரணத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சிலர் நினைத்துக்கொண்டு இல்லாத சுமையைத் தூக்கிக்கொள்கிறார்கள்.

அந்த வயதுக்குக் கீழே என்றால்தான் வைத்தியர் கடிதம் உயிர்நாடி. ஈபிஎஃப் சட்டம் கேட்பது நிரந்தரமான, முழுமையான வேலை இயலாமை. அதுவும் வேலையை விடும் நேரத்தில் அந்த நிலை இருந்திருக்க வேண்டும். விலகல் கடிதத்தில் மார்ச் மாதத் திகதியும் வைத்தியர் கடிதத்தில் ஆகஸ்ட் மாதத் திகதியும் இருந்தால் என்ன கேள்வி வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே கடிதம் முதலில், விலகல் பிறகு.

அந்தக் கடிதத்தை வாங்குவதும் ஒரு வேலைதான். கண்டி, நுவரெலியா, டிக்கோயா, பதுளை என்று எந்த ஆஸ்பத்திரி கிளினிக் ஆனாலும் கூட்டம் தெரியுமே, வைத்தியர் உங்களோடு பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். "சேர், லெட்டர் ஒண்ணு வேணும்" என்று மட்டும் சொன்னால் "இரண்டு வாரம் ஓய்வு தேவை" என்று ஒரு துண்டு எழுதிக் கையில் தருவார். அதை வைத்து ஒன்றும் நடக்காது. போகும்போதே கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைத் திகதி வாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் வையுங்கள். ஒரு தாளில் நீங்கள் செய்யும் வேலையைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ யாரையாவது கொண்டு எழுதி வாங்குங்கள்: செங்குத்தான மலையில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறிப்பது, முதுகில் கூடை, ஒரு நாளைக்கு இத்தனை கிலோ, மழையிலும் வேலை, மருந்தடிக்கும் வேலையும் உண்டு என்று. கொழும்பிலோ காலியிலோ படித்து வந்த வைத்தியருக்கு நம் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தத் தாளைப் பார்த்தபின் அவர் எழுதும் கடிதம் வேறு மாதிரி இருக்கும். கடிதத்தில் நோயின் பெயர், எப்போது கண்டுபிடித்தது, என்ன சிகிச்சை, இனி இந்த வேலையை நிரந்தரமாகச் செய்ய முடியாது என்ற வசனம், கையெழுத்து, பெயர் முத்திரை, மருத்துவப் பதிவிலக்கம் எல்லாம் இருக்கிறதா என்று வெளியே வருமுன் பாருங்கள். தோட்ட டிஸ்பென்சரி மருந்துக்காரர் தரும் துண்டு லீவுக்குச் சரி, இதற்குப் போதாது.

மஹரகம அபேக்ஷா கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்கள் இந்தக் கடிதத்தை ஒரு கிளினிக் நாளிலேயே கேட்டு முடித்துவிடுங்கள். கடிதத்துக்காக மட்டும் மஸ்கெலியாவிலிருந்து தனியாக ஒரு பயணம் போவது, அதுவும் கீமோ ஏற்றிய உடம்போடு, வேண்டாத சித்திரவதை.

இனி தோட்டக் காரியாலயத்துக்கு வருவோம். உங்களை அங்கே கூப்பிட்டு, டைப் அடித்த ஒரு ஆங்கிலக் கடிதத்தை நீட்டி "இதுல ஒரு கையெழுத்து போடுங்க, காசு சீக்கிரம் வரும்" என்பார்கள். அதில் பெரும்பாலும் "சொந்தக் காரணங்களுக்காக, என் சுயவிருப்பத்தில் விலகுகிறேன்" என்றுதான் இருக்கும். நோய் என்ற சொல்லே இராது. எங்கள் பக்கத்தில் ஒரு அக்கா, சிறுநீரக நோயாளி, இப்படித்தான் கையெழுத்து வைத்தார். அப்புறம் தொழில் காரியாலயத்தில் "சுயவிருப்பத்தில் விலகினதா இருக்கே, நோய்னு எங்க இருக்கு?" என்று கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. ஊழியரை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் குற்றம் தவிர வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். உங்கள் கையெழுத்துக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று இப்போது புரிகிறதா? கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், தமிழில் எழுதினால் போதும். "இன்ன நோயினால், இணைத்துள்ள வைத்தியச் சான்றிதழின்படி, இன்ன திகதியிலிருந்து வேலை செய்ய இயலாத காரணத்தால்" என்று தெளிவாக எழுதி இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் காரியாலய முத்திரையும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே வேண்டாம், கேட்பவர் பெரிய துரையாக (தோட்ட முகாமையாளராக) இருந்தாலும் சரி, சங்கத் தலைவராக இருந்தாலும் சரி.

பெயர்ப் பிரச்சினைதான் மலையகத்தில் எல்லோரையும் நாறடிக்கிறது. பிறப்புச் சான்றிதழில் முத்துலெட்சுமி, அடையாள அட்டையில் முத்து லச்சுமி, செக்ரோலில் எம். லெட்சுமி, வங்கிப் புத்தகத்தில் புருஷன் பெயரோடு சேர்த்து இன்னொன்று. நான்கும் ஒரே ஆள்தான் என்று லயத்துக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வேலையை விடுவதற்கு முன்னாலேயே சம்பளத் துண்டு, ஈபிஎஃப் பி கார்ட் (உறுப்பினர் அட்டை), அடையாள அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் இலக்கத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தோட்டக் காரியாலயத்தில் இருவரும் ஒருவரே என்று உறுதிக் கடிதம் கேளுங்கள். நீங்கள் இன்னும் அங்கே வேலை செய்கிற ஆளாக இருக்கும்போது அதை வாங்குவது சுலபம், போன பிறகு அந்தக் கிளாக்கருக்கு உங்கள் முகம் மறந்துவிடும். பெயர் சரிபார்ப்பதற்குக் கிராம சேவகர் கடிதமும் கைவசம் இருக்கட்டும். 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனது ஞாபகம் இருக்கும். அதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு ஈபிஎஃப் இலக்கங்கள் இருக்கலாம், இரண்டையும் தேடிப் பிடியுங்கள். சில தோட்டங்களில் பணம் ஈபிஎஃப்-இல் இல்லாமல் ஈஎஸ்பிஎஸ் (தோட்ட ஊழியர் சேமலாபச் சங்கம்) போன்ற தனிச் சேமலாப நிதியில் இருக்கும். எதில் இருக்கிறது என்று தெரியாமல் தொழில் காரியாலயத்துக்குப் போய் நிற்க வேண்டாம். இதே சாக்கில் நாமினி யார் என்றும் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்த செத்துப்போன தகப்பனார் பெயர் இன்னும் அங்கே இருக்கக்கூடும்.

சேவைக்காலப் பணம் (கிராட்யுவிட்டி) தனி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்த எவருக்கும் உரியது, நோயால் விலகினாலும் உண்டு, தானாக விலகினாலும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள அளவில். கணக்கு நீங்களே போடலாம்: நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வையுங்கள், வருடத்துக்கு 18,900, அதை 22 வருடத்தால் பெருக்கினால் 4,15,800 ரூபா. காரியாலயம் சொல்லும் தொகை இதைவிடக் குறைந்தால் எந்த வருடத்திலிருந்து சேவையைக் கணக்கெடுத்தார்கள் என்று கேளுங்கள், அநேகமாக ஓட்டை அங்கேதான் இருக்கும். வேலை நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் தாமதத்தைப் பொறுத்து 10 முதல் 30 வீதம் வரை மேலதிகம் கட்ட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தீபாவளி அட்வான்ஸ், கடன் என்று எதையாவது கழித்தால் எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஈபிஎஃப்-க்கு கே படிவம், தொழில் காரியாலயத்தில் கொடுக்க வேண்டும். தமிழ்ப் படிவம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் கம்பனி 12 வீதமும் கட்டியிருக்க வேண்டும். ஈடிஎஃப்-க்கு (கம்பனி மட்டும் கட்டும் 3 வீதம்) வேறு விண்ணப்பம். ஈபிஎஃப் போட்டால் அதுவும் சேர்ந்து வந்துவிடும் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டவர்கள் ஏராளம். தபால் விஷயத்தில் கவனம்: நம் லயங்களுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் காரியாலயத்துக்கு வந்து எங்கேயாவது கிடக்கும். டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் முகவரியும் வேலை செய்கிற போன் இலக்கமும் கொடுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் தனிப் பெயரில், அடையாள அட்டையில் உள்ள எழுத்திலேயே இருக்கட்டும்.

தோட்டத்துப் பாடசாலை வாத்தியார், டீச்சர், தபால்காரர் போல அரசாங்க வேலைக்காரர்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. அவர்கள் மருத்துவ சபை முன் போய் ஓய்வூதியத்தோடு விலகும் வழியில் போக வேண்டும், பத்து வருடச் சேவை இருக்கிறதா என்பது முதல் கேள்வி. தலைமை அலுவலகம் மூலமாகத்தான் எல்லாம் நகரும்.

வீட்டுப் பிரச்சினையை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. லயக் காம்பரா வேலையோடு ஒட்டிக்கொண்டது என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. வீட்டில் இன்னொருவர் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால் சங்கடம் குறைவு. இல்லாவிட்டால் விலகுவதற்கு முன்பே சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய்த் துரையிடம் பேசி, தொடர்ந்து இருக்கலாம் என்பதை எழுத்தில் வாங்கப் பாருங்கள். சந்தா இத்தனை வருடம் கட்டியது இதற்குத்தான்.

சிகிச்சைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க இப்போது கொழும்பு போக வேண்டாம், 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். சிறுநீரக நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரச மாதாந்தக் கொடுப்பனவு உண்டு, அதையும் அங்கேயே கேளுங்கள். காசு கைக்கு வந்ததும் முதலில் வீட்டு வாசலில் வந்து நிற்பது வட்டிக்காரர், அடுத்தது தூரத்துச் சொந்தம். நோயாளி உயிரோடு இருக்கும்போது மருந்துக்கும் பஸ் காசுக்கும் வேண்டிய ஒரு தொகையை நிலையான வைப்பில் போட்டுவிட்டு மீதியைப் பற்றிப் பேசுங்கள். கூரை மாற்றுவது, மகள் கல்யாணம், அடகு நகை எல்லாம் அடுத்த கதை.