ஒரே ஒலி, வெவ்வேறு வேர்: கொரிய மொழி கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹன்ஜா எனப்படும் சீன எழுத்துகளிலிருந்து கொரிய மொழிக்கு வந்த சொற்களுள் பல, ஒலியில் ஒன்றாகிவிட்டவை. சீனத்தில் தொனியால் வேறுபட்டு நின்ற எழுத்துகள் கொரிய உச்சரிப்பில் ஒரே அசையாகச் சேர்ந்துவிட்டன. ஜப்பானியர் இன்றும் சீன எழுத்துகளையும் பயன்படுத்துவதால் கண்ணால் பிரித்தறிகின்றனர். பெரும்பாலும் கொரிய ஒலியெழுத்தான ஹங்குலில் மட்டுமே எழுதும் கொரியருக்கு அந்த வசதியும் இல்லை.

ஒரு சொல்லுக்கு ஒரு பொருளை மட்டும் மனப்பாடம் செய்வதே பலரும் செய்யும் தவறு. ‘உய்சா’ என்றால் மருத்துவர் என்று படித்தவர், ‘அன் ஜுங்-குன் உய்சா’ என்பதைக் கண்டால், 1909இல் சீனாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இதோ ஹிரோபுமியைச் சுட்டவர் மருத்துவர் போலும் என்று நினைத்துவிடுவார். அங்கே அது நாட்டுக்காக உயிர்நீத்த வீரரைக் குறிக்கும் வேறு சொல். எண்ணம், விருப்பம் என்ற பொருளிலும் ஓர் ‘உய்சா’ உண்டு. ‘தெரிவித்தார்’ என்ற வினையோடு வருவது அதுவே. எனவே சொல்லை அதனுடன் வரும் வினையோடு சேர்த்தே குறித்துவைக்க வேண்டும். விளையாட்டுச் செய்தியில் வரும் ‘யோன்பே’ தொடர் தோல்வியையும் குறிக்கும், தொடர்ந்து பட்டம் வெல்வதையும் குறிக்கும். ஓர் அணி அதில் ‘விழுந்தது’ என்றால் தோல்வி, அதைச் ‘சாதித்தது’ என்றால் பட்டம்.

ஓரளவு ஹன்ஜா பழகியவர்கள் செய்யும் தவறு வேறு வகை; என் கணிப்பில் இதைத் திருத்துவதுதான் கடினம். நீச்சலைக் குறிக்கும் ‘சுயோங்’கில் ‘சு’ நீர் என்று தெரிந்ததும், கண்ணில் படும் ஒவ்வொரு ‘சு’விலும் நீரைத் தேடத் தொடங்குவார்கள். ஈரம் துடைக்கும் துண்டான ‘சுகொன்’ அவர்களுக்கு நல்ல சான்றாகவே தோன்றும். ஆனால் அதிலுள்ள ‘சு’ கையைக் குறிப்பது. அறுவை சிகிச்சையான ‘சுசுல்’லிலும் கைதான், கணிதமான ‘சுஹாக்’கில் எண். தர்பூசணியான ‘சுபாக்’கோ சீன வேரே இல்லாத தூய கொரியச் சொல். ஐயம் வந்தால் ஊகிக்காமல் அகராதியைப் பார்ப்பது நல்லது. சீன வேருள்ள சொல்லின் பக்கத்திலேயே ஹன்ஜா தரப்பட்டிருக்கும். ஒலியொத்த சொற்கள் அனைத்தும் சீனத்திலிருந்து வந்தவை என்றும் கருதக் கூடாது: கண்ணையும் பனியையும் குறிக்கும் ‘நுன்’ இரண்டுமே கொரிய மண்ணின் சொற்கள்.

அகராதி காட்டும் நெடில், குறில் வேறுபாட்டை நம்பிப் பேச்சைப் புரிந்துகொள்ள முயல்வதும் வீண், ஏனெனில் இன்றைய சியோல் பேச்சில், குறிப்பாக இளையோரிடம், அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. தீவைப்பும் தீத்தடுப்பும் ‘பாங்ஹ்வா’ என்றே ஒலிக்கின்றன. அடுத்து வரும் சொல்தான் பொருளைக் காட்டும்: கதவைக் குறிக்கும் ‘முன்’ சேர்ந்தால் தீத்தடுப்புக் கதவு. ‘போம்’ சேர்ந்தால் தீவைத்த குற்றவாளி.