பழைய காரில் பெட்ரோல் முள் தப்பாகக் காட்டுகிறதா? எர்த்திலிருந்து தொடங்குங்கள்

பாளையங்கோட்டையில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினாலும் முள் பாதியைத் தாண்டாது. எங்கள் வீட்டுப் பழைய மாருதி 800-ஐ ஒரு வருஷம் இப்படித்தான் ஓட்டினோம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் மீட்டரையே மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் துருப்பிடித்த எர்த் ஒயர், அதாவது கரண்ட் வண்டி பாடி வழியாகத் திரும்பிப் போக உதவும் ஒயர்!

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோலோடு அது ஏறி இறங்கும்போது அதன் கம்பி ஒரு மின்தடைப் பட்டையில் நகரும், அந்தத் தடையைத்தான் முள் நமக்குப் பெட்ரோல் அளவாகக் காட்டுகிறது. எர்த்தில் துரு ஏறினால் தடை கூடிவிடும், மாருதி மாதிரி வண்டிகளில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். உவரி, இடிந்தகரைப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். மாஞ்சோலை ஏற்றத்தில் முள் ஆடுவது கோளாறே இல்லை. டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் டேங்கை விட்டுவிட்டு ஃபியூஸையும் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள எர்த்தையும் பாருங்கள்.

பெட்ரோல் முள் மட்டும்தான் என்றால் டேங்குக்கு வாருங்கள். திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடவே கூடாது. சாவியை அணைத்துவிட்டு, மிதவையும் பட்டையும் சேர்ந்த யூனிட்டின் எர்த் ஒயரை பாடியில் இணைக்கும் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து மறுபடி இறுக்குங்கள். பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

சரியாகவில்லையா? மீட்டருக்குப் போகும் ஒயரை யூனிட்டிலிருந்து கழற்றிவிட்டுச் சாவியைப் போட்டால் முள் ஒரு கோடியில் நிற்க வேண்டும். சாவியை அணைத்து, அதே ஒயரை டேங்கிலிருந்து தள்ளி பாடியில் பொருத்திவிட்டு மறுபடி சாவியைப் போட்டால் மறுகோடிக்குப் போக வேண்டும். சில வினாடி போதும், அதிக நேரம் விட்டால் மீட்டர் கெடும். பழைய மீட்டர்களில் முள் மெதுவாகத்தான் நகரும், அது கோடியை எட்டியதும் சாவியை அணைத்துவிடுங்கள். முள் இரண்டு கோடிக்கும் போனால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு யூனிட்டில். அசையவே இல்லையென்றால் ஒயரையோ மீட்டரையோ தேடுங்கள்.

யூனிட்டை வெளியே எடுக்க, பேட்டரி நெகட்டிவைக் கழற்றியாக வேண்டும். எடுத்த யூனிட்டைத் துடைத்து, டேங்கிலிருந்து தள்ளி வைத்து, மல்டிமீட்டரை ஓம்ஸில் போட்டு மிதவையை மெல்ல உயர்த்துங்கள். எண் சீராக மாற வேண்டும், நடுவில் துள்ளினால் பட்டை தேய்ந்துவிட்டது. மிதவையை ஆட்டிப் பார்க்கும்போது உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை.

திருப்பி மாட்டும்போது கசிவைத் தடுக்கும் பேக்கிங்கைப் புதிதாகப் போடுங்கள், பழையதையே போட்டால் கசிந்து வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கும்.