சைகோன் பெரியப்பாவின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனில் உத்தியோகம், அப்புறம் பாரீஸ், தமிழிலும் பிரெஞ்சிலும் கவிதை. புதுச்சேரியில் விசாரித்தால் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருந்திருப்பார். என் பெரியப்பா அந்த ரகம். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்து, அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டால் விருதுகளையும் பொன்னாடைகளையும் கடைசிக்கு வையுங்கள். பெயரிலிருந்து தொடங்குங்கள்.

தமிழ்க் கவிதைக்குப் புனைபெயர், பிரெஞ்சுக் காகிதங்களில் வேறு பெயர் என்று இருக்கும். பிரெஞ்சு அரசின் 1881 ஆணைப்படி குலவழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டன. அதனால் பாட்டன் பெயரும் பேரன் பெயரும் ஒட்டவே ஒட்டாது. எல்லாப் பெயரையும் எழுத்துக்கூட்டலோடு ஒரே நோட்டில் குறியுங்கள். இங்கே நகராட்சியில் பதிவு கிடைக்காவிட்டால் பிரான்சில் நாந்த் நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

அடுத்தது கடிதங்கள். பிரெஞ்சுக் கையெழுத்தில் 1 என்பது நம் 7 மாதிரி மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். 7 என்றால் நடுவில் ஒரு கோடு குறுக்கே போகும். மார்ச் 1 மார்ச் 7 ஆவது இப்படித்தான். பணத்திலும் கவனம் வேண்டும். 1959இல் பெரியப்பா வாடகை 15,000 ஃபிராங்க் என்று எழுதுகிறார், 1961இல் 160 என்கிறார். குடிசைக்கு மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1960 ஜனவரி 1 முதல் பழைய நூறு ஃபிராங்க் புதிய ஒன்றாகிவிட்டது. படிக்கத் திணறினால் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர், யாரையாவது பிடியுங்கள். காபி கொடுத்தால் போதும், சைகோன் கதை இலவசம்.

குடியுரிமையை ஊகத்தில் எழுதாதீர்கள். புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தியர். வெளிநாட்டில் இருந்தவர்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் பிரெஞ்சுக்காரர். எங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடாமலே இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். பெரியப்பா நாட்டைத் துறந்தார் என்று எங்கள் உறவில் இன்றும் சொல்வார்கள். அவர் எதையும் துறக்கவில்லை.

கவிதைகளைத் தமிழ் தனி, பிரெஞ்சு தனி என்று பிரிக்காமல் தேதி வரிசையில் வையுங்கள். தாத்தா இறந்த மாதத்தில் பெரியப்பாவின் தமிழ் நோட்டில் ஒரு வரி கிடையாது. பிரெஞ்சு நோட்டில் மூன்று கவிதை, ஒன்றில் வாழையிலையும் எள்ளும் வருகின்றன. பிரித்து வைத்திருந்தால் தமிழை மறந்துவிட்டார் என்று எழுதியிருப்போம்.

அச்சுக்குக் கொடுக்குமுன் வாரிசுகளிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆசிரியர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டு, பிரான்சில் 70 ஆண்டு உரிமை அவர்களுடையது. பாரீஸ் அக்கா உடனே அனுப்பிவிடுவார். முத்தியால்பேட்டை அண்ணனிடம் நேரில்தான் போக வேண்டும்.